படியும் பானையும்: செங்கற்பட்டுச் சேரிகளின் உணவு மரபும் திருச்சபையின் பந்தியும்

தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றை எழுதியோர் ஆலயங்கள் எழும்பிய ஆண்டுகளையும், பள்ளிகள் தொடங்கிய ஆண்டுகளையும், மிஷனெரிகளின் வருகையையும், மாநாடுகளின் தீர்மானங்களையும் நிரம்பக் குறித்து வைத்துள்ளனர். சபை மக்கள் தம் இல்லங்களில் எதனை உண்டனர், அதனைச் சமைத்தவர் யார், அச்சமையல் எவ்வாறு தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது என்பவற்றை அவர்கள் பெரும்பாலும் எழுதவில்லை. அடுப்படி வரலாற்றுக்குரிய இடமன்று என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆயினும் நம் ஆண்டவரின் திருப்பணியில் பெரும் பகுதி பந்திகளில் நிகழ்ந்தது. அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்து நின்றதும் பந்தியைக் குறித்தே (கலா. 2:11-14). ஆகவே உணவை விலக்கி எழுதப்படும் திருச்சபை வரலாறு நிறைவுடையது ஆகாது.

இக்கட்டுரையில் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துச் சேரிகளின் உணவு மரபை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உணவு மரபோடு ஒப்புநோக்கி, இவ்விரண்டும் நம் திருவிருந்து மேசையை நோக்கி எழுப்பும் கேள்வியை ஆராய விழைகிறோம்.

1. களமும் படியும்

சென்னையின் தென் எல்லையில், தாம்பரத்தை அடுத்து உள்ளது பெருங்களத்தூர். 2021 முதல் அது தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாயிற்று. தாம்பரம் என்றதும் இறையியல் மாணவர், 1938 டிசம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய அனைத்துலக மிஷனெரி மாநாட்டையும், கிரேமர் அவர்களின் நூல் அங்கு எழுப்பிய விவாதத்தையும் நினைவுகூர்வர். இவ்வட்டாரத்திற்கு அதனினும் பழைய வரலாறு ஒன்று உண்டு. பெருஞ்சாலையும் இரயில் நிலையமும் அடுக்குமாடி இல்லங்களும் நிறைந்த இவ்வூரின் பெயரில் இன்றும் 'களம்' என்னும் சொல் நிற்கிறது. பெயர்க்காரணம் எவ்வாறாயினும், ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த இச்சுற்றுவட்டாரத்தில், உழைப்பவரின் வாழ்வு அளக்கப்பட்ட இடம் நெற்களமே.

செங்கற்பட்டு மாவட்டத்தில் நிலவுரிமை மிராசுதாரர் கையில் இருந்தது. அவருடைய நிலத்தில் ஆண்டு முழுதும் உழைத்த சேரி மக்கள் 'படியாள்' எனப்பட்டனர். கூலி தானியமாகப் படியில் அளந்து தரப்பட்டது. அவர் குடியிருந்த மனையும் மிராசுதாரருக்கே உரியது. திருமணத்திற்கோ சாவுக்கோ பெற்ற சிறு கடன் ஒருவரை வாழ்நாள் முழுதும் கட்டி நிறுத்தியது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லாமற் செய்தது. ஆயினும் கடனும் மனையும் படியும் சேர்ந்து பின்னிய கட்டு அவிழவில்லை. 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த ட்ரெமன்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் நிலைமை பற்றி அரசுக்கு அளித்த குறிப்பில் இதனை விரிவாக எடுத்துரைத்தார். செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காத்லாந்து சுயாதீனச் சபையின் ஆதாம் ஆண்ட்ரூ ஐயரும், திருவள்ளூரில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி ஐயரும் இம்மக்களுக்கு நிலம் வேண்டி வாதாடினர். இவற்றின் பயனாக 1892 செப்டம்பர் 30-இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. அந்நிலங்களுள் பல பின்னர்ப் பிறர் கைக்குச் சென்றன. அவற்றை மீட்க இதே மாவட்டத்துக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ஆம் நாள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர்.

தமிழில் 'படியளத்தல்' என்னும் வழக்கு ஆழ்ந்த பொருளுடையது. கடவுளையே 'படியளப்பவர்' என்கிறோம். படி யார் கையில் இருக்கிறதோ அவரே பசிக்கும் நிறைவுக்கும் அதிபதி. களத்தில் படியைப் பிடித்தவர் கடவுளின் இடத்தில் நின்றார் என்பதே படியாள் முறையின் உட்பொருள். எனினும் அவருடைய அதிகாரம் களத்தோடு முடிந்தது. அளந்து தரப்பட்ட தானியம் சேரிக்குள் வந்து பானையில் ஏறியபின், அங்கே வேறோர் அதிகாரம் தொடங்கியது. அது தாயின் அதிகாரம்.

2. பானையில் நிகழ்ந்தது

கேழ்வரகுக் கூழ் இவ்வட்டாரத்தின் பழம்பெரும் உணவு. கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய்யை வேகவிட்டு, கரைத்த மாவை அதில் ஊற்றிக் கைவிடாமல் கிண்டிக் களியாக இறக்குவர். இரவு முழுதும் ஆறிய களியைக் காலையில் நீரோ மோரோ விட்டுக் கரைத்து, உப்பிட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் துணையாகக் கொண்டு உண்பர். புளிப்பு ஏறிய கூழ் கோடையில் கெடாது. வெயிலில் நிற்போரின் உடலைத் தணிக்கும். கொஞ்ச மாவில் பல வயிறுகள் நிறையும். கருவாட்டுக் குழம்பு கிடைத்தால் அன்றைக்கு விருந்து.

வயல்வரப்பும் ஏரிக்கரையும் படிக்கு அப்பாற்பட்ட களஞ்சியங்கள். பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, பொன்னாங்கண்ணி, முருங்கை எனக் கிடைத்தவற்றைக் கலந்து கடைந்த கலவைக் கீரை, வயல் நண்டு, நத்தை, ஏரிக் கெளுத்தி, விரால் ஆகியவை விலையின்றி வந்தன. நெற்சோறு கிடைத்த நாளில் எஞ்சியது பழைய சோறாயிற்று. அதன் நீர் நீராகாரமாயிற்று. இறைச்சியில் நல்ல பாகங்கள் பிறருக்குச் சென்றபின் சேரிக்கு வந்தவை குடல், தலை, கால், இரத்தம், சுவரொட்டி ஆகியன. போட்டியைத் திருப்பிப் பலமுறை கழுவி, சுண்ணாம்பும் மஞ்சளும் இட்டுத் தேய்த்து, வாடை நீங்கும்வரை வெந்நீரில் அலசி, இஞ்சியும் மிளகும் அரைத்துச் சேர்த்து நெடுநேரம் வேகவிடுவர். இறைச்சி மிகுதியாகக் கிடைத்த நாளில் அதனை நீளக் கீற்றுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்தி உப்புக்கண்டமாக்குவர். மழைக் காலத்தில் வேலையற்ற நாட்களுக்கு அதுவே வைப்பு நிதி.

இவற்றுள் எதுவும் ஏட்டில் எழுதப்பட்டதன்று. அளவு கையில் இருந்தது. காலம் மணத்தில் இருந்தது. இதனைத் தமிழர் 'கைப்பக்குவம்' என்றனர். மாமியார் அருகில் நின்று மருமகள் கண்டு பழகியது இது. மிகக் குறைந்த பொருளைக் கொண்டு, மிகுந்த உழைப்பாலும் நுண்ணறிவாலும், பிள்ளைகள் விரும்பி உண்ணத்தக்க உணவைப் படைத்தனர் இத்தாய்மார். படியில் வந்தது ஒடுக்குமுறையின் அளவு. பானையிலிருந்து இறங்கியது அன்பின் அளவு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவது பெரும் பிழை. இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே.

3. கடல் கடந்த ஓர் ஒப்புமை

இந்திய ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றை அமெரிக்க அடிமைகளின் வரலாற்றோடு இணைத்து நோக்குவது புதிதன்று. 1873-இல் சோதிராவ் புலே தம் 'குலாம்கிரி' நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கு உரிமையாக்கினார். 1959-இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங், திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில், அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதார் ஒருவர் என அறிமுகம் செய்யப்பட்டார். முதலில் அச்சொல்லால் அதிர்ந்த அவர், பின்பு அது உண்மையே என உணர்ந்ததைத் தம் சபையாருக்கு 1965-இல் எடுத்துரைத்தார்.

உணவிலும் இவ்வொப்புமை வியக்கத்தக்கது. அடிமையாய்ப் பிறந்து தப்பிச் சென்ற பிரடரிக் டக்ளஸ், 1845-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில், தம் பண்ணையில் வயது வந்த ஓர் அடிமைக்கு மாதப் படியாக எட்டு இராத்தல் பன்றி இறைச்சி அல்லது அதற்கு ஈடான மீனும், ஒரு புஷல் மக்காச்சோள மாவும் தரப்பட்டதைப் பதிவு செய்துள்ளார். அங்கும் படி முதலாளியின் கையில் இருந்தது. அங்கும் குடிசைக்குப் பின்னால் சிறு கீரைப்பாத்தியும், ஓடையில் மீனும், காட்டில் சிறு விலங்குகளும் படியின் குறையை நிரப்பின. பன்றியின் குடலும் காலும் காதும் அம்மக்களின் பானைக்கு வந்தன. நம் போட்டியைப் போலவே அக்குடலும் பலமுறை கழுவப்பட்டு நெடுநேரம் வேகவைக்கப்பட்டது. உப்பிட்ட இறைச்சித் துண்டோடு வெந்த கீரையின் சாற்றை, நம்மவர் நீராகாரத்தைப் போற்றுவதுபோல், வீணாக்காது பருகினர்.

தானியங்களின் உறவு இன்னும் நெருங்கியது. கேழ்வரகும் கம்பும் சோளமும் காராமணியும் ஆப்பிரிக்க மண்ணில் தோன்றிப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவை அடைந்தவை என்பது தாவர நூலார் முடிவு. அதே காராமணி அடிமை வணிகத்தோடு அமெரிக்கக் கரையையும் அடைந்தது. சேரித் தாயும் தோட்டத்து அடிமைத் தாயும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே பயற்றை வேகவைத்தனர். 1862 டிசம்பர் 31 இரவு, மறுநாள் வரவிருந்த விடுதலைப் பிரகடனத்தை எதிர்நோக்கிக் கறுப்பினச் சபைகள் விழித்திருந்து வேண்டுதல் செய்தன. ஆண்டிறுதி இரவு ஆராதனை அச்சபைகளில் இன்றும் அந்நினைவைத் தாங்கி நிற்கிறது. புத்தாண்டு நாளில் காராமணியும் சோறும் உண்பதும் அம்மக்களிடையே நிலைத்த வழக்கம்.

1910-க்கும் 1970-க்கும் இடையே ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கிலும் மேற்கிலுமுள்ள நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். தாயகத்துச் சமையலும் அவர்களோடு சென்றது. அதற்கு 1960-களில் 'சோல் ஃபுட்', அதாவது ஆன்மாவின் உணவு, என்னும் பெயர் பரவிற்று. இழிவெனப்பட்டதற்கு அவர்களே மாட்சிமை பொருந்திய பெயர் சூட்டினர். அதன் தொட்டிலாகத் திருச்சபை விளங்கிற்று. ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஆலய முற்றத்தில் ஒவ்வொரு குடும்பமும் கொணர்ந்ததைப் பகிர்ந்துண்ணுதல் ஆராதனையின் தொடர்ச்சியாகவே கருதப்பட்டது.

மான்ட்கோமரியில் 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாட்கள் நீடித்த பேருந்துப் புறக்கணிப்பில், ஜார்ஜியா கில்மோர் என்னும் சமையற்காரப் பெண்மணி வேறு பெண்களோடு சேர்ந்து உணவு சமைத்து விற்று, அப்பணத்தைப் போராட்டத்திற்கு அளித்தார். கொடுத்தவர் வேலை இழந்துவிடாதபடி பெயர்கள் மறைக்கப்பட்டன. அக்குழுவும் தன்னை 'எங்கிருந்தும் வராத சங்கம்' என்றே அழைத்துக்கொண்டது. 1990-இல் அவர் மறைந்தபோது, செல்மா நடைப்பயணத்தின் 25-ஆம் ஆண்டு நினைவில் கூடுவோருக்கென அவர் சமைத்து வைத்திருந்த உணவே துக்கத்திற்கு வந்தோருக்குப் பரிமாறப்பட்டது. இத்தகைய பெண்மணியின் அடுப்படியைத் திருச்சபை வரலாற்றில் சேர்க்காது விடுதல் இயலுமோ?

4. நம் நாட்டில் பந்தியும் சோதனையும்

நம் நாட்டுத் திருச்சபையோ பந்தியைச் சோதனைக் களமாக்கியது. 1833 ஜூலையில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு முற்றும் ஒழிக்கப்பட வேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சினந்து பிரிந்தனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரும் சாதி வழக்கங்களை ஆதரித்து நின்றார் என்பது வருந்தத்தக்க உண்மை. 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன் தன் ஊழியர் அனைவரையும் அன்பின் விருந்தில் உடனுண்ண வற்புறுத்தியது. பலர் ஊழியத்தையே துறந்தனர். 1850-இல் சென்னை மிஷனெரி மாநாடு, சாதியை விட்டதற்கு அடையாளமாகத் தாழ்ந்தவர் எனப்பட்டோர் சமைத்த உணவை உண்ணும் மனத்தைக் கொண்டது. லைப்சிக் மிஷன் இதற்கு உடன்படவில்லை.

இத்தீர்மானங்களின் துணிவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. சாதியின் வேர் பந்தியில் உள்ளது என்பதை அவர்கள் சரியாகக் கண்டனர். ஆயினும் இவற்றை ஊன்றி நோக்கின் ஒரு குறை புலப்படும். தீர்மானங்களின் கண் உண்பவர் மேலேயே இருந்தது. அவர் உண்டாரா, மறுத்தாரா என்பதே வினா. சமைத்தவர் அச்சோதனையின் கருவியாக நின்றார். விருந்தளிக்கும் இல்லத்தலைவியாக அவர் எண்ணப்படவில்லை. பிறர் தம் மனச்சான்றை மெய்ப்பிக்க ஒரு கவளம் உண்டு எழுந்தனர். அவ்வுணவின் சுவையையும் அதன் பின்னிருந்த வரலாற்றையும் கேட்பார் இல்லை. விருந்தென்பது விருந்தளிப்பவரை மதித்தலில் தொடங்குவது. மதிப்பின்றி உண்ட கவளம் சாதியைச் சற்றே அசைத்தது; உறவை உண்டாக்கவில்லை.

5. நாணமா, நினைவா?

இவ்வுணவைப் போற்றுதல் அடிமைத்தனத்தையே போற்றுவதாகாதோ என்னும் வினா எழலாம். இது நேர்மையான வினா. 1927-இல் மகாடு மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியையும் பிறர் வீசும் மிச்சத்தையும் அறவே விலக்குமாறு தம் மக்களை வேண்டினார். அமெரிக்காவில் எலிஜா முகம்மது, 1967-இல் வெளியிட்ட உணவு பற்றிய நூலில், அடிமைக் காலத்து உணவுகளைக் கைவிடுமாறு கறுப்பின மக்களுக்குக் கூறினார். நம் மிஷனெரிகளுள் பலரும் செத்த மாட்டின் இறைச்சியை விலக்கும்படி திருமுழுக்குப் பெறுவோருக்கு விதித்தனர். தன்மானம் கருதி எழுந்த இக்குரல்களை நாம் தள்ளிவிட முடியாது. கட்டாயத்தால் திணிக்கப்பட்டது திணிக்கப்பட்டதே. அதனை அழகுபடுத்திக் காட்டுதல் தகாது.

திருமறை இவ்விடத்தில் நமக்கு ஒளி தருகிறது. இஸ்ரவேலருக்கு எகிப்தின் உணவைப் பற்றி இருவகை நினைவு இருந்தது. ஒன்று, வனாந்தரத்தில் அவர்கள் இறைச்சிப் பாத்திரங்களை எண்ணி ஏங்கிய நினைவு (யாத். 16:3). அது ஒடுக்கியவரின் சமையலறையை நாடிய நினைவு. திருமறை அதனை முறுமுறுப்பாகவே காட்டுகிறது. மற்றொன்று, புளிப்பில்லா அப்பத்தின் நினைவு. உபாகமம் 16:3 அதனைச் சிறுமைக்குரிய அப்பம் என்றே குறிப்பிட்டு, விடுதலை பெற்றோர் ஆண்டுதோறும் அதனை உண்ணும்படி கட்டளையிடுகிறது. சிறுமையில் உண்ட அப்பம் விடுதலையின் பண்டிகையாயிற்று. கசப்பான கீரையும் அப்பந்தியில் இடம் பெற்றது. நற்செய்தி நூல்கள் நம் ஆண்டவரின் கடைசி இராப்போசனத்தை இப்பண்டிகையோடு இணைத்தே கூறுகின்றன. ஆகவே நம் திருவிருந்தே அடிமைகளின் உணவு மரபிலிருந்து பிறந்தது எனில் மிகையாகாது. அவ்வப்பத்தை வணக்கத்தோடு ஏந்தும் கைகள், சேரித் தாயின் கூழ்ப்பானையைக் கண்டு பின்வாங்குவது எங்ஙனம் பொருந்தும்?

இன்று கேழ்வரகு புதிய மதிப்புப் பெற்றுள்ளது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. சென்னையின் தெருவோரங்களில் தள்ளுவண்டிக் கூழை எல்லோரும் வாங்கிப் பருகுகின்றனர். தானியம் மாட்சிமை அடைந்தது. அதனை நூற்றாண்டுகளாய்க் காத்த கைகள் அடைந்தனவா? 2022-இல் ஆம்பூரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி விலக்கப்பட்டதும், எதிர்ப்பு எழவே விழா ஒத்திவைக்கப்பட்டதும் இவ்வினாவுக்கு விடை கூறும். மராத்வாடாவின் தலித் சமையலைச் சாகு பட்டோலே 2015-இல் மராத்தியில் நூலாக்கினார். அமெரிக்காவில் எட்னா லூயிஸ், விடுதலை பெற்ற அடிமைகள் நிறுவிய தம் சிற்றூரின் சமையலை 1976-இலேயே நூலாக்கினார். செங்கற்பட்டுத் தாய்மாரின் கைப்பக்குவமும் அவ்வாறு எழுதப்படத் தக்கதே.

6. ஒரே உலை

நம்மிடையே இதற்கு வழிகாட்டி இல்லாமலில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பயிற்றுவித்த ஜே. தியாபிலஸ் அப்பாவு ஐயர் (1940-2005), 'பரட்டை' என அன்போடு அழைக்கப்பட்டவர். நாட்டுப்புற இசையில் வழிபாட்டு முறையை அமைத்த அவர், 'ஒரு ஒலை' என்னும் கருத்தைத் தம் இறையியலின் நடுவில் வைத்தார். ஒலை என்பது பேச்சு வழக்கில் உலை. ஒரே உலையில் பொங்கியதை உண்போர் ஒரே குடும்பத்தார் ஆகின்றனர். இறையாட்சி அத்தகைய குடும்பம் என்பது அவர் போதனை. கிரேக்கச் சொற்களில் நாம் தேடும் ஐக்கியத்தை அவர் சேரியின் அடுப்பில் கண்டெடுத்தார்.

ஆயராகப் பணிபுரிவோரும் பணிபுரியவிருப்போரும் இதனைச் செயலில் காட்ட வேண்டிய இடங்கள் சில உள. முதலாவது, இல்லச் சந்திப்பு. ஆயர் வருகிறார் என்றறிந்ததும் கடைக்குப் பிள்ளையை ஓட்டிக் குளிர்பானமும் பிஸ்கட்டும் வாங்கி வைத்து, அடுப்பில் கொதிப்பதை மூடி மறைக்கும் இல்லங்களை நம்மில் பலர் அறிவோம். அம்மூடியை வைத்தது அத்தாயின் கையாயினும், வைக்கச் செய்தது நம் முகக்குறிப்பே. 'அம்மா, வீட்டில் என்ன சமைத்தீர்கள்? அதையே கொடுங்கள்' என்று ஆயர் கேட்கும் நாளில், 1850-இன் தீர்மானம் சோதனை நிலையிலிருந்து உறவு நிலைக்கு உயரும்.

இரண்டாவது, சபை விருந்து. நெல்லைச் சபைகளின் அசன விருந்து, சபையார் அனைவரும் ஒரே சோற்றைப் பகிரும் நல்ல மரபு. அறுப்பின் பண்டிகையிலும் ஆலய ஆண்டு விழாவிலும் நம் வட்டாரச் சபைகள் பிரியாணியோடு நின்றுவிடாது, கூழையும் கலவைக் கீரையையும் போட்டிக் குழம்பையும் அவற்றை அறிந்த தாய்மாரின் பொறுப்பில் பந்திக்குக் கொணரலாம். அவர்கள் பணியாளராக அல்ல, விருந்தளிப்பவராக அன்று மேசையின் தலைமாட்டில் நிற்க வேண்டும்.

மூன்றாவது, இறையியல் மாணவரின் ஆய்வு. நம் கல்லூரிகளில் பயில்வோருள் பலர் இவ்வடுப்படிகளிலிருந்து வந்தவர்கள். தம் தாயும் பாட்டியும் சமைத்ததை, அது எந்நாளில் சமைக்கப்பட்டது, எத்தட்டுப்பாட்டில் பிறந்தது, எவ்வேண்டுதலோடு பரிமாறப்பட்டது என்னும் விவரங்களோடு அவர்கள் எழுதுவார்களாக. அம்முதியோர் மறைந்தபின் எந்த ஆவணக் காப்பகத்திலும் அது கிடைக்காது.

அன்றாட உணவுக்காக வேண்டிக்கொள்ளும்படி நம் ஆண்டவர் கற்பித்தார் (மத். 6:11). அவ்வேண்டுதல், படியைக் களத்து முதலாளியின் கையிலிருந்து எடுத்துத் தந்தையாகிய கடவுளின் கையில் வைக்கிறது. அவர் அளப்பதை நமக்காகப் பக்குவப்படுத்திய கைகளைத் திருச்சபை இதுவரை போதிய அளவு மதிக்கவில்லை. அடுத்த முறை திருவிருந்தில் அப்பத்தைப் பிட்கும்போது, அக்கைகள் நம் சபையில் எந்த வரிசையில் அமர்ந்திருக்கின்றன என்பதை ஒருமுறை நோக்குவோமாக.